பூமி ஓடுவதை எதைக் கொண்டு அறிந்தோம்?

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்களே வருகின்றன. இரவும் பகலும் மாறி மாறி வருகின்றன என்பது ஒன்று. பருவங்கள் மாறுகின்றன என்பது இன்னொன்று. விண்கலங்கள் படம் எடுத்து அனுப்பியிருக்கின்றனவே என்பது மூன்றாவது. மூன்றுமே ஆதாரம் ஆகா. இரவும் பகலும் பூமி தன்னைத்தானே சுற்றுவதால் உண்டாகின்றன. சூரியனைச் சுற்றுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. சாய்ந்த பாதையொன்றில் சூரியன் ஆண்டுக்கு ஒரு முறை பூமியைச் சுற்றிவருவதாக வைத்துக்கொண்டாலும் பருவங்களைக் குறைவின்றி விளக்கிவிட முடியும். உத்தராயணத்தையும் தட்சிணாயனத்தையும் நம் பஞ்சாங்கக்காரர்கள் பல நூற்றாண்டுகளாக அப்படித்தான் கணித்து வந்திருக்கிறார்கள். விண்கலம் அனுப்பிய படத்தில் பூமி உருண்டையாகத் தெரியும். அது ஓடுவது தெரியாது.

இதற்காகப் பதில் சொல்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கோப்பர்நிக்கஸ் சொன்னார், கலிலியோ தொலைநோக்கியில் பார்த்தார், திருச்சபை தண்டித்தது, பிறகு உலகம் ஒப்புக்கொண்டது என்ற அளவில்தான் நமக்கு இது சொல்லித்தரப்படுகிறது. எதைப் பார்த்து ஒப்புக்கொண்டது என்ற கேள்விக்குப் பதில் அந்தக் கதையில் இல்லை. அந்த இடம் வெற்றிடமாக இருப்பதால்தான், பூமி சூரியனைச் சுற்றுவது கண்கூடான உண்மை என்றும், பரிணாமம் போன்றவை 'வெறும் கோட்பாடு' என்றும் படித்தவர்களும் தயங்காமல் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். பூமியின் ஓட்டத்தை யாரும் கண்ணால் கண்டதில்லை. அது உண்மை என்று நிலைபெற்ற வழியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், கோட்பாடு என்பது உண்மைக்குக் கீழே உள்ள ஒரு படி என்ற எண்ணம் நிற்காது.

எதிர்த்தவர்களிடமிருந்தே தொடங்குவது நல்லது; ஏனென்றால் அவர்களில் சிலருடைய வாதம் மிகவும் வலுவானது. டென்மார்க்கின் ஹ்வென் தீவில் ஆய்வுக்கூடம் அமைத்து வானத்தை அளந்த டைக்கோ பிராகி, தொலைநோக்கி வருவதற்கு முன்பே, வெறுங்கண்ணால் ஏறக்குறைய ஒரு கலை அளவுக்குத் துல்லியமாக விண்மீன்களின் இருப்பிடத்தைக் குறித்தவர். ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. அவர் கேட்ட கேள்வி இது: பூமி ஒரு பெரிய வட்டத்தில் ஓடுகிறது என்றால், ஆறு மாத இடைவெளியில் நாம் அந்த வட்டத்தின் ஒரு முனையிலிருந்து எதிர்முனைக்குப் போய்விடுகிறோம், இரண்டு முனைகளிலிருந்தும் பார்க்கும்போது விண்மீன்களின் இடம் சிறிதேனும் மாறித் தோன்ற வேண்டாமா? அவருடைய கருவிகளில் அப்படி எந்த மாற்றமும் தெரியவில்லை. மாற்றம் தெரியாத அளவுக்கு விண்மீன்கள் தொலைவில் இருக்கின்றன என்று சொல்லித் தப்பிக்கவும் அவர் விடவில்லை. கண்ணுக்கு விண்மீன்கள் சிறு வட்டங்களாகத் தெரிகின்றன. அவ்வளவு தொலைவில் இருந்துகொண்டு அந்த அளவுக்குத் தெரிய வேண்டுமானால், ஒவ்வொன்றும் பூமியின் முழுப் பாதையையும் அடைக்கும் பெருவடிவாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கண்ணும் ஒளியின் அலைத்தன்மையும் சேர்ந்து செய்யும் மாயம்தான் அந்த வட்டத் தோற்றம் என்பது தெரிய வெகுகாலம் ஆயிற்று. அன்று கையிலிருந்த சான்றுகளை வைத்துப் பார்த்தால் டைக்கோவின் பக்கம்தான் நியாயம் இருந்தது.

1588இல் அவர் வெளியிட்ட அமைப்பில் மற்றக் கோள்கள் எல்லாம் சூரியனைச் சுற்றும். சூரியன் அவற்றோடு சேர்ந்து பூமியைச் சுற்றும். கேரளத்து வானியலாளர் நீலகண்ட சோமயாஜி, டைக்கோவுக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்பே இதை ஒத்த ஓர் அமைப்பை வந்தடைந்திருந்தார் என்பது நம் வாசகர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. ஆரியபட்டர் பூமி சூரியனைச் சுற்றுவதாகச் சொன்னார் என்று அடிக்கடி பகிரப்படுவது மட்டும் சரியல்ல. 499இல் இயற்றிய நூலில் அவர் சொன்னது பூமி தன்னைத்தானே சுழல்வதை; ஓடும் படகில் இருப்பவனுக்குக் கரையிலுள்ளவை பின்னோக்கிப் போவதுபோல, அசையாத விண்மீன்கள் மேற்கே போவதாகத் தோன்றுகின்றன என்றார். அதுவே பெரிய சாதனை. அதன் மேல் இல்லாததை ஏற்றிச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

'வெறும் கோட்பாடு' என்ற பேச்சும் இந்த வரலாற்றில் மிகப் பழையது. 1543இல் கோப்பர்நிக்கஸின் நூல் அச்சாகும்போது, அச்சுப் பணியை மேற்பார்த்த ஒசியாண்டர் என்ற லூத்தரன் மதகுரு, பெயர் போடாமல் ஒரு முன்னுரையைச் சேர்த்துவிட்டார். இந்தக் கருதுகோள்கள் உண்மையாக இருக்க வேண்டியதில்லை, உண்மைக்கு நெருக்கமாக இருக்க வேண்டியதுகூட இல்லை, கணக்கு சரியாக வந்தால் போதும் என்பது அதன் சாரம். அதை எழுதியவர் யார் என்பதை 1609இல் கெப்ளர் தன் நூலில் வெளிப்படையாகச் சொன்னார். 1615இல் கர்தினால் பெல்லார்மின், ஃபொஸ்காரினி என்ற துறவிக்கு எழுதிய கடிதத்திலும் இதே நிலைப்பாடு இருக்கிறது: கணிப்புக்கு உதவும் ஒரு கற்பிதம் என்று பேசினால் தவறில்லை, பூமி உண்மையிலேயே ஓடுகிறது என்பதற்கு மெய்யான நிரூபணம் இருந்தால் மறைநூல் வாசகங்களுக்கு வேறு பொருள் காண வேண்டியிருக்கும், ஆனால் அப்படியொரு நிரூபணத்தை எவரும் இதுவரை எனக்குக் காட்டவில்லை. அடுத்த ஆண்டு கோப்பர்நிக்கஸின் நூலுக்குத் திருச்சபை விதித்த தடையை எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது. நிரூபணம் எங்கே என்று கேட்டது மட்டும் நியாயமான கேள்வி.

கலிலியோவிடம் அதற்குப் பாதிப் பதில்தான் இருந்தது. 1610இன் பிற்பகுதியில் வெள்ளி, சந்திரனைப் போலவே தேய்ந்து வளர்வதையும், ஏறக்குறைய முழுமையாக ஒளிரும்போது சிறியதாகவும் பிறையாக இருக்கும்போது பெரியதாகவும் தெரிவதையும் அவர் பார்த்தார். வெள்ளி சூரியனைத்தான் சுற்றுகிறது என்பது அதோடு முடிவாகிவிட்டது; எல்லாமே பூமியைச் சுற்றுவதாகச் சொன்ன தாலமியின் பழைய அமைப்பு அங்கேயே விழுந்தது. டைக்கோவின் அமைப்பு விழவில்லை, ஏனென்றால் அதிலும் வெள்ளி சூரியனைத்தான் சுற்றுகிறது. பிறகு கெப்ளரும் நியூட்டனும் வந்தார்கள். ஒரு கோள் சூரியனிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அதற்கேற்பச் சுற்றும் காலம் அமைகிறது என்ற கெப்ளரின் மூன்றாம் விதியில், பூமியை அதன் தொலைவோடும் 365 நாளோடும் வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவே வைத்தால் அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. சூரியனைப் பூமியைச் சுற்றும் பொருளாக வைத்தால் இந்த வரிசையில் அதற்கு இடமே இல்லை. 1687இல் நியூட்டன் அந்த விதிக்குக் காரணமும் சொன்னார். டைக்கோ கேட்ட விண்மீன் இடமாற்றம் இன்னும் அகப்படாத நிலையிலேயே வானியலாளர்களில் பெரும்பாலோர் பூமியின் ஓட்டத்தை ஏற்றுக்கொண்டது இதனால்தான்.

ஆயினும் நேரடியான அளவீடு ஒன்று வேண்டியிருந்தது. அது கிடைத்த விதம் அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாடநூலில் ஒரு பக்கமாவது அதற்குத் தர வேண்டும் என்பேன்.

லண்டனுக்கு மேலே, ஏறக்குறைய நேர் உச்சியில் கடந்துபோகும் விண்மீன் ஒன்று உண்டு: காமா டிராகோனிஸ். உச்சியில் இருப்பதால் வளிமண்டலம் அதன் ஒளியை வளைத்துக் குழப்புவது மிகக் குறைவு. ராபர்ட் ஹூக் 1669இல், தான் தங்கியிருந்த இடத்தின் கூரையில் துளையிட்டுத் தொலைநோக்கியை நிறுத்தி இதன் இடமாற்றத்தை அளக்க முயன்றார்; அந்த அளவீடுகள் நம்பத்தக்கவையாக அமையவில்லை. 1725இல் சாமுவேல் மாலினக்ஸ் என்ற செல்வந்தர், லண்டனை அடுத்த கியூ என்ற ஊரில் இருந்த தன் வீட்டில் அதே முயற்சியை மீண்டும் தொடங்கினார். கடிகாரம் செய்வதில் பேர்பெற்ற ஜார்ஜ் கிரஹாம் செய்துகொடுத்த 24 அடி நீளத் தொலைநோக்கி, வீட்டின் புகைபோக்கிச் சுவரோடு சேர்த்துச் செங்குத்தாகத் தொங்கவிடப்பட்டது. கீழ் முனையைத் தள்ளிச் சாய்ப்பதற்கு ஒரு நுண்திருகு. செங்குத்து எது என்று காட்ட ஒரு தூக்குநூல். விண்மீன் கடக்கும் நேரத்தில் திருகைத் திருப்பி அதைக் குறுக்குக்கோட்டில் கொண்டுவந்து நிறுத்தி, திருகு எவ்வளவு திரும்பியது என்று படித்துக்கொள்ள வேண்டும். வேலை அவ்வளவே. ஆனால் அந்தத் திருகு ஒரு விகலையைக் காட்டும் அளவுக்கு நுட்பமானது. இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஒரு சென்டிமீட்டர் அகலப் பொருள் கண்ணுக்கு ஏற்படுத்தும் கோணம்தான் ஒரு விகலை.

டிசம்பர் 3ஆம் தேதி முதல் அளவீடு எடுத்தார்கள். பூமியின் ஓட்டத்தால் காமா டிராகோனிஸ் இடம் மாறித் தோன்றுவதாக இருந்தால், டிசம்பர் மாதத்தில் அது தன் தெற்கு எல்லையில் இருக்க வேண்டும். சில நாள்களுக்குள் மாற்றம் எதுவும் தெரியக் கூடாது. மாலினக்ஸின் நண்பரான ஜேம்ஸ் பிராட்லி டிசம்பர் 17 அன்று பார்த்தபோது விண்மீன் மேலும் தெற்கே நகர்ந்திருந்தது. கருவியில் கோளாறு என்று நினைத்தார்கள். மறுபடியும் பார்த்தார்கள், இன்னும் தெற்கே போயிருந்தது. 1726 மார்ச் மாதத்தில் 20 விகலை தெற்கே போய் நின்றது. பிறகு திரும்பியது. ஜூனில் டிசம்பர் மாதத்து இடத்துக்கே வந்து, செப்டம்பரில் அதே அளவு வடக்கே போய், டிசம்பரில் தொடங்கிய இடத்தை அடைந்தது. அசைவு உண்டு, அதன் காலம் சரியாக ஓராண்டு, ஆனால் திசை எதிர்பார்த்ததிலிருந்து மூன்று மாதம் பிசகி நிற்கிறது. தேடியதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவர்கள் அறிவித்திருக்கலாம். ஓராண்டுக் கால அசைவு ஒன்று கையில் இருந்தது. பிராட்லி அப்படிச் செய்யவில்லை. வான்ஸ்டெட்டில் தன் அத்தை வீட்டில் இன்னொரு கருவியை நிறுத்தி, வேறு பல விண்மீன்களையும் ஓராண்டுக்கு மேல் அளந்தார். எல்லாமே அசைந்தன.

காரணம் அவருக்குத் தேம்ஸ் நதியில் படகில் போகும்போது பிடிபட்டது என்று ஒரு செய்தி உண்டு. படகு திசை திரும்பும்போதெல்லாம் பாய்மரத்தின் உச்சியில் இருந்த காற்றுக்காட்டியும் திரும்புவதைப் பார்த்தாராம். காற்று மாறவில்லை, படகின் ஓட்டம் மாறியது. ஒளிக்கும் இதையே பொருத்திப் பார்த்தால் கியூவில் கண்டது விளங்கிவிடுகிறது. விண்மீனிலிருந்து வரும் ஒளி 24 அடிக் குழாயின் மேல்முனையில் நுழைந்து கீழ்முனைக்கு வந்துசேர ஒரு நொடியில் 4 கோடியில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் பூமி தன் மேலிருக்கும் வீடு, புகைபோக்கி, தொலைநோக்கி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய முக்கால் பங்கு நகர்ந்துவிடுகிறது. ஆகவே ஒளி குழாயின் நடுவில் விழ வேண்டுமானால், பூமி ஓடும் திசையை நோக்கிக் குழாயை அந்த அளவு சாய்த்துப் பிடிக்க வேண்டும். மூன்று மாதம் கழித்துப் பூமி வேறு திசையில் ஓடும், சாய்வும் மாறும். பிராட்லியின் திருகு காட்டிக்கொண்டிருந்தது பூமி இருக்கும் இடத்தை அல்ல. அது ஓடும் திசையை. மூன்று மாதப் பிசகின் பொருள் அதுதான். 1729 சனவரியில் ராயல் சொசைட்டியில் இது படிக்கப்பட்டது. தமிழில் இதை ஒளிப் பிறழ்ச்சி என்கிறோம்.

இதன் கணக்கைப் பள்ளி மாணவரே போட்டுப் பார்க்கலாம். சூரியனுக்கும் பூமிக்கும் இடையே 15 கோடி கிலோமீட்டர். அந்த ஆரத்துக்கு வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 94 கோடி கிலோமீட்டர். அதை ஓராண்டின் 3 கோடியே 15 லட்சம் நொடிகளால் வகுத்தால் நொடிக்கு 30 கிலோமீட்டர் வருகிறது. ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். பத்தாயிரத்தில் ஒரு பங்கு சாய்வு. கோணமாக மாற்றினால் 20 விகலைக்குச் சற்று மேல். கியூவில் அளந்ததும் அதுவே. விண்மீன் அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும் இந்த அளவு மாறாது என்பதையும், சூரிய வீதிக்கு (வானில் சூரியன் ஓராண்டில் கடந்துபோவதாகத் தோன்றும் பாதைக்கு) நேர் மேலே இருக்கும் விண்மீன் சிறு வட்டமாகவும், சூரிய வீதியிலேயே இருக்கும் விண்மீன் நேர்கோட்டிலும், இடைப்பட்டவை நீள்வட்டமாகவும் அசைய வேண்டும் என்பதையும் இதே விளக்கம் முன்கூட்டிச் சொல்கிறது, அப்படித்தான் அசைகின்றன. சூரியனிலிருந்து ஒளி நம்மை வந்தடைய 8 நிமிடம் 12 நொடி ஆகும் என்றும் பிராட்லி இதிலிருந்தே கணக்கிட்டார். இன்றைய அளவு 8 நிமிடம் 19 நொடி.

டைக்கோ கேட்ட இடமாற்றம், அதாவது இடமாறு தோற்றம், அகப்பட இன்னும் நூறு ஆண்டுகள் ஆயின. கோனிக்ஸ்பெர்க்கில் ஃபிரெட்ரிக் பெசல், நடுவில் இரண்டாக அறுக்கப்பட்ட வில்லையைக் கொண்ட ஒரு தொலைநோக்கியால் 61 சிக்னி என்ற மங்கலான விண்மீனை அளந்து 1838இல் முடிவை வெளியிட்டார்: விகலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, 0.314. பிரகாசமான விண்மீனை விட்டு மங்கலான ஒன்றை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது வானில் ஆண்டுக்கு 5 விகலைக்கு மேல் நகர்வது; வேகமாக நகர்வதாகத் தெரிவது அருகில் இருக்க வாய்ப்பு அதிகம். தாமஸ் ஹெண்டர்சன் நன்னம்பிக்கை முனையில் எடுத்திருந்த ஆல்ஃபா சென்டாரியின் அளவீடு 1839இல் வெளியாயிற்று. அந்த விண்மீன் ஒன்றல்ல, இரண்டு என்பதை 1689இல் புதுச்சேரியிலிருந்து கண்டவர் ரிஷோ என்ற இயேசு சபைத் துறவி என்பதை இங்கே சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன். இன்று கையா விண்கலம் நூறு கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களுக்கு இந்த அளவைத் தந்திருக்கிறது.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதற்கு நம் ரோகிணி விண்மீன் மிகப் பொருத்தமானது. சூரிய வீதிக்கு அருகில் இருப்பதால் ஆண்டின் ஒரு பகுதியில் பூமி ஏறக்குறைய அதை நோக்கியே ஓடுகிறது, ஆறு மாதம் கழித்து அதை விட்டு விலகி ஓடுகிறது. ரோகிணி தானாகவே நம் சூரியனை விட்டு நொடிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் விலகிக்கொண்டிருக்கிறது. விண்மீனின் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகள், அது விலகிப்போகும்போது சிவப்புப் பக்கம் நகரும். அவை எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று ஆவணி நடுவில் அளந்தால் விலகும் வேகம் 24 கிலோமீட்டர் என்று வரும். மாசி நடுவில் அளந்தால் 84 என்று வரும். விண்மீன் மாறவில்லை. இடையில் உள்ள 60 கிலோமீட்டர், பூமியின் 30 கிலோமீட்டர் ஒரு முறை கழிந்து ஒரு முறை கூடியதால் வந்தது.

இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்பதுதான் முக்கியம். முதலாவது ஒளி வரும் திசையைப் பற்றியது, இரண்டாவது விண்மீனின் தொலைவைப் பற்றியது, மூன்றாவது ஒளியின் நிறத்தைப் பற்றியது. தனித்தனிக் கருவிகள், தனித்தனி நூற்றாண்டுகள். மூன்றும் ஒரே பாதையை, ஒரே ஓராண்டுக் காலத்தை, ஒரே வேகத்தைக் காட்டுகின்றன. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதை உண்மை என்று நாம் சொல்வது இந்தப் பொருத்தத்தை வைத்துத்தான். பிராட்லி கண்ணால் பார்த்தது ஒரு திருகு எவ்வளவு திரும்பியது என்பதை மட்டுமே. ஒளிக்கு வேகம் உண்டு என்ற கோட்பாட்டின் வழியாகப் பார்த்ததால் அது பூமியின் ஓட்டமாயிற்று. கோட்பாட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது திருகின் அளவீடு மட்டும். அளவீடுகளைப் பொருளுடையதாக்குவதும், இன்னும் அளக்காததை முன்கூட்டிச் சொல்வதும் கோட்பாட்டின் வேலை. நன்றாகச் சோதிக்கப்பட்ட கோட்பாடு பதவி உயர்வு பெற்று உண்மை ஆகிவிடுவதில்லை, எவ்வளவு சான்று சேர்ந்தாலும் அது கோட்பாடாகவே, மேலும் உறுதியான கோட்பாடாக இருக்கும். உயிர்கள் காலப்போக்கில் மாறி வந்திருக்கின்றன என்பது உண்மை, இயற்கைத் தேர்வு அதை விளக்கும் கோட்பாடு. பூமி சுற்றுவது உண்மை, ஈர்ப்புக் கோட்பாடு அதை விளக்குவது. இரண்டு இடத்திலும் ஒரே உறவுதான். ஒன்றில் கோட்பாட்டை மதித்து இன்னொன்றில் இகழ்வதற்கு அறிவியலில் இடமில்லை.

கோட்பாடு மாறினால் உண்மையும் கவிழுமா என்பதற்கு வரலாறே விடை தந்திருக்கிறது. புதனின் பாதை நியூட்டனின் கணக்கைவிட நூற்றாண்டுக்கு 43 விகலை கூடுதலாகத் திரும்புகிறது. 1859இல் லெவெரியே இந்த முரணை எடுத்துக்காட்டி, சூரியனுக்கு அருகில் காணாத கோள் ஒன்று இருக்கலாம் என்றார், தேடினார்கள், இல்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாடு அந்த 43 விகலையைச் சரியாகத் தந்தது. ஈர்ப்பு என்றால் என்ன என்பது பற்றிய நம் புரிதல் அடியோடு மாறிப்போயிற்று. பூமி அதே பாதையில், அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லா இயக்கமும் சார்புடையது என்றால் பூமியை நிலையாக வைத்துக்கொண்டு பேசினால் என்ன தவறு என்று ஐன்ஸ்டைனின் பெயராலேயே சிலர் கேட்பதுண்டு. கணக்கின் வசதிக்காக எந்த இடத்தையும் மையமாகக் கொள்ளலாம். நாள்தோறும் வானிலை கணிப்பவர்கள் பூமியோடு சேர்ந்து சுழலும் சட்டகத்தில்தான் கணக்கிடுகிறார்கள். ஆனால் பூமி உண்மையிலேயே நிலையாக நிற்கிறது என்று சொல்வதானால், கோடானுகோடி விண்மீன்கள் அனைத்தும் ஒரே கால அளவில், நம் நாள்காட்டியைப் பார்த்து ஆடுவதுபோல, தத்தம் தொலைவுக்கு ஏற்பச் சரியாகக் குறைந்து கூடிய அளவுகளில் ஆண்டுதோறும் அசைகின்றன என்று சொல்ல வேண்டும். அவற்றை அப்படி அசைப்பது எது என்றும் சொல்ல வேண்டும். அதற்கு எவரிடமும் விடையில்லை. நுணுக்கமாகச் சொன்னால் பூமி சூரியனின் நடுப்புள்ளியைச் சுற்றுவதாகச் சொல்வதும் தோராயமே. சூரியனும் கோள்களும் சேர்ந்த தொகுதிக்கு ஒரு நிறைமையம் உண்டு. பெரும்பாலும் வியாழனின் நிறையால், அந்த மையம் சில காலங்களில் சூரியனின் மேற்பரப்புக்கு வெளியேகூடப் போய்விடுகிறது. சூரியனும் அதைச் சுற்றித் தள்ளாடுகிறது.

பூமியின் ஓட்டத்தில் இத்தகைய நுணுக்கங்களைப் பார்ப்பது எவ்வளவு தேவையானது என்பதற்கு 1991இல் நடந்தது நல்ல சான்று. பல்சார் எனப்படும் துடிப்பு விண்மீன்கள் கடிகாரத்தைப் போல ஒழுங்காகத் துடிப்பவை. பூமி தன் பாதையில் பல்சார் இருக்கும் பக்கம் வரும்போது துடிப்பு முன்னதாகவும், எதிர்ப்பக்கம் இருக்கும்போது பின்னதாகவும் வந்துசேரும். சூரிய வீதியை ஒட்டிய பல்சாருக்கு இந்த வேறுபாடு இரு பக்கமும் எட்டு நிமிடத்துக்கு மேல். பூமியின் ஓட்டத்தைக் கழித்துவிட்டுத்தான் எந்தப் பல்சாரையும் ஆராய முடியும். பிரிட்டனில் ஆண்ட்ரூ லைனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு பல்சாரின் துடிப்பில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஏற்ற இறக்கம் இருப்பதைக் கண்டு, அதைச் சுற்றும் கோள் ஒன்று இருப்பதாக ஜூலை மாதம் அறிவித்தார்கள். நம் சூரியனுக்கு அப்பால் கண்ட முதல் கோள் என்று உலகமே பேசியது. சில மாதங்களில் லைன் தன் கணக்கிலேயே குறையைக் கண்டுபிடித்தார்: பல்சாரின் இருப்பிடம் சிறிது பிசகியிருந்தது, ஒரு படியில் பூமியின் பாதையை வட்டமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள், உண்மையில் அது மெல்லிய நீள்வட்டம். அந்த மிச்சம்தான் ஆறு மாதக் கோளாக வேடம் போட்டது. 1992 சனவரியில் அட்லாண்டாவில் நடந்த அமெரிக்க வானியல் கழகக் கூட்டத்தில் அவர் மேடையேறி அதைத் தானே சொன்னார். அவையினர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அதே கூட்டத்தில் அலெக்சாண்டர் வோல்ஷ்சான், தானும் டேல் ஃபிரெய்லும் வேறொரு பல்சாரைச் சுற்றி இரண்டு கோள்களைக் கண்டதைப் பற்றிப் பேசினார். அந்தப் பல்சாரின் இருப்பிடத்தை ஃபிரெய்ல் வேறு ரேடியோ தொலைநோக்கித் தொகுதியால் தனியாக, துல்லியமாக அளந்திருந்தார். பூமியின் நீள்வட்ட ஓட்டம் முழுவதுமாகக் கழிக்கப்பட்டிருந்தது. அதன் பிறகும் துடிப்பில் இரண்டு ஏற்ற இறக்கங்கள் எஞ்சி நின்றன. அவற்றின் காலம் ஏறக்குறைய 67 நாளும் 98 நாளும். நம் ஓராண்டோடோ அரையாண்டோடோ எந்தத் தொடர்பும் இல்லாத எண்கள். அந்தக் கோள்கள் இன்றும் பட்டியலில் இருக்கின்றன.